பெங்களூரு குடித்தனம், ஐந்து கடன்கள்

மாதச் செலவை நோட்டில் எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. பால், மளிகை, கேஸ், பெட்ரோல் எல்லாமே அதில் இருக்கும். அப்படியும் 2025 நடுவில் கூட்டிப் பார்த்தபோது எங்கள் தலையில் 8,75,500 ரூபாய் கடன். கிரெடிட் கார்டில் 1,80,000. பர்சனல் லோன் பாக்கி 4,05,500. வண்டிக் கடனில் இன்னும் பன்னிரண்டு தவணை, ஆக 60,000. அடகுக் கடையில் 1,50,000. நாத்தனாரிடம் வாங்கிய கைமாற்று 80,000. ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. "பெங்களூர்ல இருக்காங்க, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க" என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ்க் குடும்பங்கள்தான். அங்கேயும் இதைப் பேச முடியாது, மறுநாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது விவரமாக ஒருவர் சொல்லியிருந்தால் கார்டு வட்டி மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் கணக்கைத் தொகை தொகையாக எழுதுகிறேன்.

முதலில் நோட்டு ஏன் கை கொடுக்கவில்லை என்று பார்க்கலாம். அவருடைய சம்பளமும் என் டியூஷன் வருமானமும் சேர்ந்து கைக்கு வருவது 78,000. வாடகை 19,000, மெயின்டனன்ஸ் 1,500. கார்டுக்கு மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) 9,000, பர்சனல் லோன் இஎம்ஐ 11,634, வண்டி 5,000, அடகு வட்டி 3,000. மளிகை, பால், ஸ்கூல் வேன், பெட்ரோல், போன், இன்டர்நெட், சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 20,100. கழித்துப் பார்த்தால் மாதம் 8,766 ரூபாய் மிஞ்சுகிறது. மிஞ்சுகிற வீட்டில் கடன் ஏன் ஏறுகிறது? மாதா மாதம் வராத செலவுகள் அந்த நோட்டில் இல்லாததுதான் காரணம். ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம் 68,000. பொங்கலுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் ஊர் போய்வர 16,000. மொய், செய்முறை 20,000. மெடிக்கல் இன்சூரன்ஸ் 18,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000. தீபாவளித் துணிமணி 12,000. மிக்ஸி, மோட்டார், தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் என்று 10,000. மொத்தம் 1,50,000, மாதத்துக்குப் பிரித்தால் 12,500. அதாவது மாதக் கணக்கில் 8,766 மிச்சம், வருடக் கணக்கில் 45,000 துண்டு. அந்தத் துண்டு ஒவ்வொரு ஜூனிலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் போய் உட்கார்ந்த இடம் கார்டு.

ஆகவே கடன் அடைக்கிற வேலையில் முதல் படி காபிப் பொடியைக் குறைப்பது இல்லை, இந்த வருடப் பட்டியலைப் போடுவது. போன வருடத்து பேங்க் ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாதா மாதம் வராத செலவை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மொய்யை விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் மொய் என்பது நோட்டுப் போட்டு வைத்திருக்கிற கடன். நமக்கு 2,000 வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு 1,000 வைக்க முடியாது. மொய் நோட்டைப் புரட்டினால் அடுத்த ஒரு வருடத்தில் யார் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே வேறு ஒரு சேமிப்புக் கணக்குக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு பர்ஸில் இருக்கக் கூடாது, யுபிஐயிலும் சேர்க்கக் கூடாது. ஆர்டி போடலாமா என்றால் போடலாம், ஆனால் ஸ்கூல் ஃபீஸ் தேதியோடு முதிர்வு பொருந்தாது. சாதாரண சேமிப்புக் கணக்கே இதற்குத் தோது.

இனி கார்டு. மினிமம் டியூ என்பது பெரும்பாலும் மொத்த பாக்கியில் 5 சதவீதம். 1,80,000-க்கு 9,000. எங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது 6,300. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. ஆக 9,000 கட்டினால் 7,434 வட்டிக்கும் வரிக்குமே போய், அசலில் குறைவது 1,566. இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற தைரியத்தில்தான் அதுவரை இருந்தோம். இதைவிட மோசமான ஒன்று உண்டு. பில் முழுவதும் கட்டாத கார்டுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. பாக்கி வைத்துக்கொண்டு அதே கார்டில் வாங்குகிற நாற்பது ரூபாய் கொத்தமல்லிக் கட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றே வட்டி, அதோடு தனிக் கட்டணம். எனவே பாக்கி இருக்கிற கார்டை ஃபுட் ஆப், கேப் ஆப், ஷாப்பிங் ஆப் எல்லாவற்றிலிருந்தும் முதலில் எடுத்துவிட வேண்டும். ஆட்டோ டெபிட் மினிமம் டியூவில் செட் ஆகியிருக்கிறதா, டோட்டல் டியூவிலா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அது மினிமத்தில் இருப்பதே தெரியாது.

கார்டு பாக்கியை மாற்ற மூன்று வழி உண்டு. அதே வங்கியில் இஎம்ஐ ஆக்கலாம். பர்சனல் லோன் எடுத்து அடைக்கலாம்; 14 சதவீதத்தில் 24 மாதம் என்றால் இஎம்ஐ 8,642, மொத்த வட்டி 27,400 சொச்சம். மினிமம் டியூவுக்குக் கிட்டத்தட்ட அதே தொகை, ஆனால் இரண்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும். மூன்றாவது, வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக் கடன். எங்களுக்கு ஒத்துவந்தது அதுதான், ஏனென்றால் அடகுக் கடைக் கடனையும் அதோடு சேர்த்துத் தீர்க்க முடிந்தது.

அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்பார்கள், கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். வருடத்துக்கு 24 சதவீதம் அது. நாங்கள் பார்த்த வங்கியில் நகைக் கடன் 9.5. ஆனால் நகை அடகில் இருக்கும்போது அதை வங்கிக்கு எப்படிக் கொண்டுபோவது? இங்கேதான் பலரும் ஒரு நாளைக்கு என்று மீட்டர் வட்டிக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் கொஞ்சம் நகை மிச்சம் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. வீட்டில் இருந்த 26 கிராமை முதலில் வங்கியில் வைத்தோம். 1,60,000 கிடைத்தது. அதில் 1,53,000 கொடுத்து அடகை மீட்டோம். மீட்ட நகையை இரண்டாவது கடனாக அதே வங்கியில் வைத்து இன்னொரு 1,60,000. கையில் இருந்த 7,000-உம் சம்பளத்திலிருந்து 13,000-உம் சேர்த்து 1,80,000 கார்டுக்குக் கட்டினோம். முன்பு கார்டுக்கும் அடகுக்கும் வட்டியாகவே மாதம் 10,434 போய்க்கொண்டிருந்தது. இப்போது 3,20,000-க்கும் சேர்த்து வட்டி 2,533. சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, சாப்பாட்டில் ஒரு கரண்டி குறையவில்லை, மாதம் 7,900 ரூபாய் மிச்சம்.

நகைக் கடனில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மதிப்பீட்டாளர் எங்கள் அட்டிகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து ஆசிட் விட்டார். "அம்மா, கல்லும் உள்ளே இருக்கிற அரக்கும் போகத்தான் எடை போடுவோம்" என்றார். 26 கிராமில் 24-தான் கணக்கில் வந்தது. கல் நகையை வைத்து நிறையக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போகாதீர்கள். வளையல், கல் இல்லாத செயின் மேல். எடை, கழிவு, கேரட் மூன்றும் ரசீதில் தனித்தனியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் அப்போது கடன். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வரம்பு மாறியிருக்கிறது. கூடக் கிடைக்கிறது என்று கூட வாங்கினால் தங்கம் விலை இறங்கும்போது இடிக்கும். வாங்கும்போதே "ஒரு வருஷம் கழிச்சு மொத்தமா கட்டுற மாதிரியா, மாசா மாசம் கட்டுற மாதிரியா?" என்று கேளுங்கள். மொத்தமாகக் கட்டுகிற வகையில் ஒரு வருடம் யாரும் போன் பண்ண மாட்டார்கள், நாமும் நிம்மதியாக இருப்போம், கடைசியில் ஒரு வருட வட்டி மொத்தமாக நிற்கும். அதைக் கட்டாமல் திருப்பி வைக்க முடியாது. கட்டத் தவறினால் நோட்டீஸ், பிறகு ஏலம். அடகுக் கடை பக்கத்தில் இன்னொரு விஷயம். மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி கேட்பது அங்கே வழக்கம். எனவே மீட்கிற நாளை ரசீதுத் தேதிக்கு முந்தைய நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சில ஆயிரம் வட்டி வந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று எங்களுக்கு ஆத்திரம். பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய நாட்களுக்கான வட்டி அது, அடுத்த பில்லில்தான் ஏறும். தெரியாமல் விட்டால் அதற்கும் லேட் ஃபீ சேரும். கட்டுவதற்கு முன் கஸ்டமர் கேரில் "இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு" என்று கேட்டு வாங்குங்கள். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. போனில் சொல்லிவிட்டு விடாமல் மெயிலில் அனுப்பினால்தான் தேதிக்கு ஆதாரம் இருக்கும்.

பர்சனல் லோனை நாங்கள் தொடவே இல்லை. இது பலருக்கு விசித்திரமாகப் படும். 5 லட்சம், 14 சதவீதம், 60 மாதம். பதினைந்து தவணை கட்டியதில் 1,74,500 போயும் அசல் குறைந்தது 94,500 மட்டும். வேறு வங்கியில் 11.5-க்கு மாற்றித் தருகிறோம் என்று அழைப்பு மேல் அழைப்பு. மீதி 45 மாதத்துக்கு வட்டி 22,400 மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் இதை மூட 4 சதவீதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் 19,140, புதுக் கடனுக்கு ஒரு சதவீத பிராசஸிங்கும் வரியும் 4,785. கூட்டினால் 23,925. மாற்றினால் 1,500 கைநஷ்டம். அழைக்கிற ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். இஎம்ஐ குறையும் என்று மட்டும் சொல்லி, மறுபடி 60 மாதம் ஆக்கி, மேலே டாப்-அப் என்று கூடுதல் கடனும் தருவார். கடன் மாற்றுகிற முடிவுக்கு முன் மூன்று எண்ணை வாங்குங்கள்: இன்றைய ஃபோர்குளோஷர் தொகை (முன்கூட்டி முடிக்கக் கட்ட வேண்டியது), அதற்கான கட்டணம், புதுக் கடனின் ஏபிஆர் (கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி). 2024 அக்டோபர் 1-லிருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தந்தாக வேண்டும், ஏபிஆர் அதில் இருக்கும். வீட்டு லோன் மாதிரி வட்டி மாறுகிற கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் கிடையாது. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால்தான் இந்தத் தண்டம்.

வண்டிக் கடனையும் அதன் போக்கில் முடிய விட்டோம். ஷோரூமில் பத்து சதவீதம் என்றுதான் சொன்னார்கள். ஃபிளாட் வட்டி. ஒரு லட்சத்துக்கு இரண்டு வருடத்துக்கு 20,000 வட்டி, மாதம் 5,000. அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசல் கணக்கில் அது 18 சதவீதத்துக்குச் சமம். முடியப் போகிற ஃபிளாட் கடனை முன்கூட்டி அடைப்பதில் லாபம் குறைவு. நோ காஸ்ட் இஎம்ஐயும் பேரில்தான் நோ காஸ்ட்: வட்டிக்கு ஈடான தள்ளுபடி தருவார்கள், வட்டி மேல் வருகிற ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீயும் நம் தலையில்.

கைமாற்றுதான் உள்ளதிலேயே மனசை அரித்தது. "அண்ணி, எப்போ முடியுதோ அப்போ குடுங்க" என்றாள் நாத்தனார். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. மாதம் 2,000, ஆறாம் தேதி என்று நாங்களே சொல்லிக் கணக்கில் போட ஆரம்பித்தோம். வட்டியில்லாத கடன் என்பதால் தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி தவறக் கூடாது.

கார்டுக்கும் அடகுக்கும் போன 12,000 நின்றதால், வருடச் செலவுக்கு 12,500 ஒதுக்கிய பிறகும் எங்களிடம் மிஞ்சியது 8,266. நகைக் கடனுக்கு 6,000, கைமாற்றுக்கு 2,000. வண்டிக் கடன் முடிந்த மாதமே அந்த 5,000-ஐயும் நகைக் கடனில் சேர்த்துவிட வேண்டும். ஒரு மாதம் கையில் விட்டாலும் அதற்கு ஒரு செலவு முளைத்துவிடும். இந்தக் கணக்கில் நகை முழுதாக வீட்டுக்கு வர நாற்பது மாதம். போனஸ் வந்தால் பாதி அதற்கு. சின்னக் கடனை முதலில் முடி, மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு கடனுக்கு வட்டி கிட்டத்தட்ட சமம் என்றால் சரி. கார்டு மாதிரி ஒன்றுக்கு வருடம் 42 சதவீதம், இன்னொன்றுக்கு 14 என்னும்போது தெம்புக்கு அவ்வளவு விலை கொடுக்க முடியாது.

பெங்களூருக்கென்றே உள்ள செலவு, வீட்டு அட்வான்ஸ். எங்கள் பர்சனல் லோனில் 1,50,000 போனது இங்கேதான். 14 சதவீதத்தில் வாங்கி அட்வான்ஸ் கொடுத்தால் வருடம் 21,000, மாதம் 1,750 கண்ணுக்குத் தெரியாத வாடகை. இரண்டு வீட்டை ஒப்பிடும்போது இதை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். அட்வான்ஸ் குறைவாகவும் வாடகை ஆயிரம் கூடவும் உள்ள வீடு மலிவாக இருக்கலாம். காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பதும் இங்கே வழக்கம், அதையும் அக்ரிமென்ட்டில் முன்பே எழுதி வாங்குவது நல்லது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை மின்சாரச் சலுகை உண்டு. வீடு மாறினால் பழைய வீட்டு இணைப்பிலிருந்து ஆதாரை விடுவித்துவிட்டுப் புது வீட்டுக்குப் பதிய வேண்டும்.

தவணைத் தேதிகளைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். ஒரு இஎம்ஐ திரும்பினால் நம் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. ஒரு மாதம் அவர் சம்பளம் தாமதமாகி அப்படி ஆனது. வசூல் ஆள் இரவு எட்டரைக்குப் போன் செய்து சத்தம் போட்டார், பிள்ளைகள் முன்னால் கைகால் நடுங்கிப் போனது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று விதி இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அழைத்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. பாதித் தொகையில் செட்டில் பண்ணித் தருகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்படாதீர்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்ட்' என்பதற்குப் பதில் 'செட்டில்ட்' என்று விழும், பின்னால் வீட்டு லோன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

கடன் முடிந்ததும் காகித வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குங்கள். வண்டிக்கு என்ஓசியோடு படிவம் 35-உம் வாங்கி, ஆர்சியில் இருக்கிற ஹைப்பாதிகேஷனை (வண்டி கடனில் இருக்கிறது என்ற பதிவை) ஆர்டிஓவில் நீக்க வேண்டும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபைனான்ஸ் கம்பெனி பேரை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்கப் போகும் அன்றுதான் அலைச்சல் தெரியும். ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.